வராத மாமன் வாசலில் நின்ற கதை

எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போவது சுலபம். இருப்பதில் நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, மேடையேறி ஒரு போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, பந்தியில் இடம் பிடித்தால் முடிந்தது. போகாமல் இருப்பதுதான் பெரும்பாடு. போகமாட்டேன் என்று மாதக்கணக்கில் ஊரெல்லாம் சொல்லிவைக்க வேண்டும். சமாதானம் பேச வருகிறவர்களுக்கு டீ கொடுத்து, பிடிகொடுக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். 'போகலையா?' என்று கேட்பவர்களிடம் முகத்தை ஒரு தினுசாக வைத்துக்கொண்டு, 'அதைப் பத்திப் பேசாதீங்க' என்று சொல்ல வேண்டும். இவ்வளவு உழைத்து என் தாய்மாமன் மாதையன் சேர்த்துவைத்திருந்த வராமையை, நான் எழுதிய மென்பொருள் ஒரு பந்தி முடிவதற்குள் ஒன்றுமில்லாமல் ஆக்கியது.

நான் தருமபுரியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கீழே செல்போன் ரிப்பேர் கடை, மாடியில் நாங்கள். கல்யாண போட்டோ ஸ்டுடியோக்களுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். ஒரு கல்யாணத்தில் எடுக்கிற படங்களுக்குக் கணக்கே கிடையாது. அத்தனைக்கும் டேக் போட வேண்டும். படத்தில் இருப்பது யார், நடப்பது என்ன சடங்கு, இடம் எது என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒட்டுகிற சின்னச் சின்ன அடையாளச் சீட்டுதான் டேக். அது இருந்தால்தான் 'சின்ன அத்தை இருக்கிற படத்தையெல்லாம் காட்டு' என்றால் செயலி காட்டும்.

இதில்தான் அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. நான் ஒரு கட்சி. மெஷினே படத்தைப் பார்க்கட்டும், மெஷினே டேக் போடட்டும், மெஷினே அவரவர் வாட்ஸப்புக்கு அனுப்பட்டும். குறுக்கே மனிதக் கை எதற்கு? எதிர்க்கட்சி சாதிக். பக்கத்து மேஜைக்காரர். அப்பாவுக்கு ஊருக்குள் பாத்திரக்கடை.

"மெஷின் டேக் சொல்லட்டுங்க. ஆனா ஒரு மனுசன் பாத்து சரி, தப்புன்னு அமுக்கின பிறகு வெளிய போகட்டும். பாதி மெஷின், பாதி ஆளு."

"பாதிப் பாதின்னா மெஷின் எதுக்குங்க? நாமளே பாயைப் போட்டு ஒக்காந்து பேரு எழுதிடலாமே."

"கல்யாணம்ங்க இது. ஒரு பேரு மாறுனா என்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் வேகம். 'பந்தியில் பாயசம் வருவதற்குள் படம் கைக்கு வர வேண்டும்' என்று அலுவலகப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, யாரும் அழித்துவிடாதபடி சுற்றிலும் கட்டம் வேறு போட்டிருந்தேன். (அழியாத மையில் எழுதிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.)

எங்கள் முதலாளி ரமேஷ் சார் இரண்டு பேருக்கும் நல்லவராக இருக்க விரும்புகிறவர். "சுகந்தி, உங்க தங்கச்சி கல்யாணம் வருதில்ல. அதுல ஓட்டிப் பாருங்க. ஒழுங்கா வந்துச்சுன்னா முழு ஆட்டோமேட்டிக். இல்லன்னா சாதிக் சொன்ன மாதிரி" என்றார். நான் அந்த இடத்திலேயே ஜெயித்துவிட்டதாக முடிவு செய்தேன்.

இப்போது மாமாவின் கோபத்தைச் சொல்ல வேண்டும். தங்கைக்கு நிச்சயதார்த்தம் சேலத்தில், மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. எல்லோரும் காலையிலேயே போய்விட்டோம். மாமா மட்டும் பாலக்கோடு மண்டியில் தக்காளி லோடு ஏற்றிவிட்டுப் பின்னால் காரில் வந்தார். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் திரும்ப முடியாமல் மாமா நடுவில் மாட்டிக்கொண்டார். இங்கே ராகு காலம் நெருங்கிவிட்டது. அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார், பிறகு தட்டை மாற்றிவிட்டார். மாமா வந்து சேர்ந்தபோது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றினால் அவன் அந்த வீட்டில் யார்? மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "லாரிக்காக நான் நின்னன். எனக்காக நீங்க நிக்கல" என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பினார்.

அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரே தம்பி. நிச்சயம் முடிந்ததிலிருந்து அம்மா யாரைப் பார்த்தாலும் தம்பி பேச்சுதான். தூது போனவர்கள் எல்லாம் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கல்யாணத்துக்கு வருவதில்லை என்று மாமா ஊரில் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு அவருடைய பங்காளிகளையும் போகவேண்டாம் என்று தடுத்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்ற முடியாது. ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு அப்பா நேரில் தட்டோடு வந்து அழைத்தால், மறுவீட்டு விருந்துக்கு வருவதைப் பற்றி 'யோசிக்கிறேன்' என்று கடைசித் தூதுவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் மாமா பாஷையில் யோசிக்கிறேன் என்றால் வருகிறேன் என்று அர்த்தம். அதுவரை அவரைச் சீண்டிவிடக் கூடாது. அம்மா எங்களிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

அப்பா தன் பங்குக்கு ஒரு சமாதான வேலை செய்தார். மண்டப வாசலில் வைக்கிற பெரிய ஃப்ளெக்ஸில் மாமாவின் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டார். அண்ணன் தம்பிகள், காலமான தாத்தா எல்லோரும் மேலே வட்டத்துக்குள் சின்னச் சின்னதாக இருக்க, மாமா மட்டும் கீழே முழு உருவத்தில், கைகூப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு 'வருக வருக' என்றார். அவர் ஒருமுறை வார்டு தேர்தலில் நின்று தோற்றபோது எடுத்த படம் அது. அவர் வாழ்நாளில் அவ்வளவு பணிவாக நின்றது அந்தப் படத்துக்காக மட்டும்தான்.

நான் என் பங்குக்கு மெஷினைத் தயார் செய்தேன். வீட்டு ஆல்பங்களை எல்லாம் கிளறி எடுத்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் முகத்தையும், பெயரையும், முறையையும், போன் நம்பரையும் ஊட்டினேன். மாமாவையும்தான். வரமாட்டார் என்று தெரிந்தும் ஏன் சேர்த்தேன் என்றால், முழுமையாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம். முகம் யாருடையது என்று மெஷினுக்கு அத்துப்படியாயிற்று. முகம் உடம்போடு வந்திருக்கிறதா, துணியில் அச்சாகி வந்திருக்கிறதா என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாதிக் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஒரே ஒரு பட்டன் வெச்சுக்கலாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு பார்வை பாத்துட்டு அமுக்குனாப் போதும்."

"என் தங்கச்சி கல்யாணத்துல நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மூலையில ஒக்காந்து பட்டன் அமுக்கணுமா? ஒண்ணும் ஆவாது, நீங்க சாப்பிட மட்டும் வாங்க."

தாலி நல்லபடியாக ஏறியது. மாமா செய்ய வேண்டிய சீரை ஒன்றுவிட்ட மாமா ஒருவர் செய்தார். அப்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். எனக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் அப்போது மேடைக்குப் பின்னால் லேப்டாப்பில், படங்கள் எத்தனை சதவீதம் ஏறியிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

பந்தி ஆரம்பித்தது. சாம்பார் முடிந்து ரசம் வரும் நேரத்தில் இலைக்கு இலை போன்கள் மணியடிக்கத் தொடங்கின. சித்திக்குச் சித்தி படம், சித்தப்பாவுக்குச் சித்தப்பா படம். இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு சொந்தமெல்லாம் தன் தன் முகத்தைப் பார்த்துப் பூரித்தது. எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த சாதிக்கைப் பார்த்து நான் புருவத்தை உயர்த்தினேன். அவரும் நல்ல மனுசன், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பாயசம் வந்தது. கூடவே அதுவும் வந்தது.

எங்கள் செயலியில் நான் ஆசை ஆசையாகச் செய்த ஒரு வசதி உண்டு. விழாவில் அதிகப் படங்களில் இருப்பவர் யார் என்று மெஷினே கண்டுபிடித்து, நாதஸ்வரப் பின்னணியோடு ஒரு குட்டி வீடியோ தயாரித்து, குடும்ப வாட்ஸப் குழுவில் தானாகவே போட்டுவிடும். அது மணப்பெண்ணாகவோ மாப்பிள்ளையாகவோதான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் போட்டோக்காரர் காலையிலிருந்து மண்டப வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருந்தார். 'விழா நாயகர்: திரு. மாதையன், மணமகளின் தாய்மாமன்' என்று பொன் எழுத்துகள் விரிந்தன. மாமா சம்பந்தியை வரவேற்றார். மாமா பக்கத்து வீட்டுக்காரரை வரவேற்றார். மாமா சமையல்காரரை வரவேற்றார். எல்லோரையும் அதே சட்டையில், அதே சிரிப்போடு, கூப்பிய கையைப் பிரிக்காமல் வரவேற்றார். ஃப்ளெக்ஸின் ஓரங்களை எல்லாம் மெஷின் அழகாக வெட்டி எறிந்திருந்ததால், நேரில் நிற்கிற மாதிரியே இருந்தது. முடிவில், 'நேரில் வந்து வாழ்த்தியமைக்கு நன்றி' என்று மாமாவின் நம்பருக்கும் ஒரு செய்தி போனது. (தாத்தாவுக்கும் போனது. அவர் நம்பரை இப்போது சித்தி வைத்திருக்கிறாள். பாயசத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.)

அம்மா வீடியோவைப் பாதிதான் பார்த்தாள். "தம்பி வந்துருக்கானா? எப்ப வந்தான்? எங்கிட்டக்கூடச் சொல்லாமப் போறானா?" என்று போனைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா ஃப்ளெக்ஸுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். போனை என் கையில் திணித்துவிட்டுப் பந்திக்குத் திரும்பினாள்.

குழுவிலிருந்து வீடியோவை அழித்தேன். ஆனால் அந்தக் குழுவில்தான் மாமாவின் பங்காளிகளும் இருந்தார்கள். அவர்களில் மூத்தவரான பெருமாள் மாமா அதற்குள் அதை இறக்கி, ஊரெல்லாம் அனுப்பிவிட்டிருந்தார். மாதையன் சொன்னான் என்பதற்காகக் கல்யாணச் சாப்பாட்டைத் துறந்து வீட்டில் பழைய குழம்பு சாப்பிட்டவர் அவர். எங்களைப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு இவன் மட்டும் போய் வாசலில் நின்று கும்பிட்டிருக்கிறான் என்று அவர் கொதித்ததில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, மாமா அன்றைக்கு எங்கே இருந்தார்? அதுதான் வினை. கோபித்துக்கொண்ட தாய்மாமனைக் கல்யாணத்தன்று காலையில் பெரியவர்கள் நாலு பேர் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கையோடு கூட்டிவருவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் இருந்தால் இழுத்துவந்துவிடுவார்கள் என்று பயந்து, மாமா விடியும் முன்பே யாரிடமும் சொல்லாமல் ஒகேனக்கல் பஸ் ஏறிவிட்டார். போனில் எந்த அழைப்பும் வராதபடி செய்துவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, நிம்மதியாக இருந்தார். அதாவது, அன்றைக்கு அவர் எங்கே இருந்தார் என்பதற்கு ஊரில் ஒரு சாட்சியும் இல்லை. திரும்பி வரும்போது பென்னாகரத்தில் போனை உயிர்ப்பித்திருக்கிறார். முதலில் வந்து விழுந்தது என் மெஷினின் நன்றிச் செய்தி.

சாயங்காலம், தங்கையைச் சேலத்துக்கு வழியனுப்பிவிட்டு நாங்கள் வீட்டு வாசலில் அண்டா குண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். பின்னாலேயே பெருமாள் மாமாவும் மற்றப் பங்காளிகளும் இறங்கினார்கள். மாமா முகத்தில் இன்னும் எண்ணெய் மினுமினுப்புப் போகவில்லை.

"மாமா," என்றார் அப்பாவிடம். "இவங்க நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களே சொல்லுங்க. நான் கல்யாணத்துக்கு வந்தனா?"

அப்பாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மைத்துனன் வந்தான் என்று சொல்லமாட்டோமா என்று மாதக்கணக்கில் ஏங்கிய மனிதர், சம்பந்தியிடம் தலைகுனிந்து நின்ற மனிதர், இப்போது குண்டானைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிச் சத்தியம் செய்தார். "வரலைங்க. சத்தியமா மாதையன் வரல. நாங்க எவ்வளவோ கெஞ்சியும் வரல."

"சொந்த மச்சான விட்டுக்குடுக்காமப் பேசறாரு," என்றார் பெருமாள் மாமா. "வீடியோவுல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறது யாரு?"

"அது ஃப்ளெக்ஸுங்க," என்றேன் நான்.

"நீ பேசாத பாப்பா. கம்ப்யூட்டர் படிச்சவ நீதான போட்டுவுட்ட. கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?"

சொல்லும் என்று அந்த இடத்தில் ஒத்துக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் என் பிடிவாதம் அப்போதும் சாகவில்லை. மெஷின் தப்பில்லை, ஃப்ளெக்ஸ்தான் தப்பு என்று நிரூபித்தே தீருவது என்று முடிவுகட்டினேன். மாமா தன் போனை என்னிடம் நீட்டினார். ஒகேனக்கலில் குளிக்க வந்த யாரிடமோ போனைக் கொடுத்து எடுத்துக்கொண்ட படம். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், தலையில் ஒரு ஆள் கைவைத்துத் தேய்க்கிறார், பின்னால் நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

"இந்தா, இதை உன் மெஷின்ல போட்டுக் காட்டு. நான் எங்க இருந்தன்னு அதுவே சொல்லட்டும்," என்றார் மாமா.

போட்டேன். எல்லோரும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பதில் சொன்னது: 'மாதையன். மணமகன். சடங்கு: நலங்கு. நம்பகம்: மிக அதிகம்.'

பெருமாள் மாமாதான் முதலில் வாய் திறந்தார். "என்னா மாதையா, ரெண்டாவதா? வூட்ல தெரியுமா?"

அப்பா குண்டானின் மேலேயே உட்கார்ந்துவிட்டார், சிரிப்புத் தாங்காமல். பங்காளிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை. நான் நம்பகம் என்ற வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முறைத்துப் பார்த்தார், மீசையைத் தடவினார், கடைசியில் அவருக்கும் அடக்க முடியவில்லை.

இதற்குள் அம்மா உள்ளே போய் மீந்த சாப்பாட்டைச் சூடுபண்ணி இலை போட்டுவிட்டாள். மாமாவுக்குச் சட்டென்று உறைத்தது, தான் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று. "அக்கா, நான் சண்டைக்கு வந்தன். சண்டைக்கு வந்தது வந்ததுல சேராது. மாமா தட்டோட வந்து கூப்புடணும்."

"சேராது, சேராது. வருவாரு. நீ ஒக்காந்து சாப்பிடு," என்றாள் அம்மா. மாமா சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். சாதிக் தன் மேஜைப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ரமேஷ் சார், "அப்ப என்ன முடிவு?" என்றார். 'பாதிப் பாதி' என்றேன், எனக்கே கேட்காத குரலில். அன்றைக்கே உட்கார்ந்து, ஒவ்வொரு டேக்குக்கும் பக்கத்தில் 'சரி', 'தப்பு' என்று இரண்டு பட்டன்கள் வைத்தோம். இந்த முறை பிடிவாதத்தைப் பட்டன்மேல் காட்டினேன். ஒரு மனுசன் பார்க்காமல் ஒரு படமும் வெளியே போகாது. மனுசன் என்றால் தப்பே செய்யமாட்டான் அல்லவா.

அப்பா தட்டோடு போய் அழைத்தார். மறுவீட்டு விருந்துக்கு மாமா வந்தார், பங்காளிகள் சூழ, புது வேட்டியில். அன்றைய படங்களுக்குச் சரி பார்க்கிற ஆள் யார் என்று கேட்டபோது, "என் மூஞ்சிய நான் பாத்துத்தான் வுடுவன்" என்று மாமாவே போனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கினார். வழுக்கை தெரிந்த படம்: தப்பு. தொப்பை தெரிந்த படம்: தப்பு. வாய் நிறையச் சோறோடு இருந்த படம்: தப்பு. "மாமா, அது நீங்கதான்" என்றால், "நானா? நான் இப்பிடியா இருக்கறன்?" என்று என்னையே கேட்டார். சாதிக்கைப் போனில் கூப்பிட்டு முறையிட்டேன். மறுமுனையில் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது.

இப்படி எல்லாம் தப்பாகிப்போய், அவர் இருந்த படங்களில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. என் தங்கையை அணைத்துக்கொண்டு மாமா குலுங்கிக் குலுங்கி அழுகிற படம். அவர் தோளில் முகத்தைப் புதைத்து அம்மா. மெஷின் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் படித்திருந்தது: 'மாதையன். தாய்மாமன். அழுகை.' என் மெஷின் இவ்வளவு சரியாகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை. மாமா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிதானமாக, கட்டைவிரலை நன்றாக ஊன்றி, 'தப்பு' என்று அமுக்கினார்.

நானும் அதை அப்படியே விட்டேன். அதனால், இன்றைக்கு எங்கள் குடும்ப ஆல்பத்தில் தேடிப் பார்த்தால், வராத கல்யாணத்தில் வாசலெல்லாம் மாமா. வந்து அழுத விருந்தில் மாமா இல்லவே இல்லை.

வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் அம்மா முதல் போன் போடுவது தம்பிக்குத்தான். "நேர்ல வர்றியா, ஃப்ளெக்ஸ்ல வர்றியா?" என்று கேட்பாள். பதிலுக்கு மாமா சொல்வதும் மாறியதில்லை.

"உம் பொண்ண லேப்டாப்ப மூடி வெக்கச் சொல்லு. நேர்லயே வர்றன்."